சேருகிறவர்கள் ஆயிரம், தங்குகிறவர்கள் எத்தனை?

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஒரகடம் சந்திப்பில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் முகத்தில் செல்போன் வெளிச்சம். ரீல்ஸும் கிரிக்கெட்டும்தான் அதிகம் ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே போனுக்குள் குரூப்புகளும் இருக்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும் செய்தி போடுகிற குரூப், ரூமுக்கு ஆள் தேடுகிற குரூப், ஐ.டி.ஐ. பேட்ச் குரூப், திருவண்ணாமலைக்காரர்கள் தீபாவளிக்கு வேன் பிடிக்கிற குரூப், லைனுக்கு ஒரு குரூப், லைன் லீடருக்குத் தெரியாமல் அதே லைனுக்கு இன்னொரு குரூப்.

இவற்றில் நடப்பதைச் சில்லறை விஷயமாக நினைக்க வேண்டாம். எந்தக் கன்சல்டன்சி முன்பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறது, மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள், பழைய கம்பெனி பி.எஃப். பணத்தைப் புதிய கணக்குக்கு எப்படி மாற்றுவது, மாத்தூரில் அட்வான்ஸ் குறைவாக ரூம் எங்கே கிடைக்கும் என்று கேள்விகள் வந்தபடி இருக்கும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பொறுமையாகப் பதில் போடுவார். அதற்குக் காசு கிடையாது, பெயரும் கிடையாது. அடுத்த வாரம் அதே கேள்வி மறுபடி வரும். போன வாரப் பதில் எங்கோ மேலே புதைந்து கிடக்கும். 2016-ல் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 256 பேர்தான் இருக்க முடிந்தது. 2022-ல் அது 512 ஆனது, அதே ஆண்டின் கடைசியில் 1,024 ஆனது. ஆள் பிடிக்கும் அளவு நான்கு மடங்கு கூடியது, தகவலைச் சேர்த்துவைக்கும் வழி மட்டும் பழையபடியே இருக்கிறது. கான்ட்ராக்ட் முடிந்தவர் 'லெஃப்ட்' ஆகும்போது அவர் தெரிந்துவைத்திருந்ததும் அவரோடு போய்விடுகிறது.

ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் இணையத்தில் கூடி ஒன்றைக் கட்டியெழுப்புவது எப்படி, அப்படிக் கூடுகிற கூட்டங்களில் சில மட்டும் வளர்ந்து மற்றவை வாடுவது ஏன் என்பதைப் பல்கலைக்கழகங்களில் பலர் வருடக்கணக்காக ஆராய்ந்துவருகிறார்கள். அவர்கள் கண்டதைத் தமிழில் உரசிப் பார்க்க நம்மிடம் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. இந்த ஆராய்ச்சியெல்லாம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2021 டிசம்பரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில், அந்த மாதம் 15-ம் தேதி சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. 17-ம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையில் யாரும் இறக்கவில்லை. ஆலை மூடப்பட்டு, அடுத்த ஆண்டு ஜனவரி 12-ம் தேதிதான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தகுந்த தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

வதந்தியை நம்பினார்களே என்று அந்தப் பெண்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டால் பதில் சொல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் குரூப்தான் செய்தித்தாள். அங்கே ஒரு கோளாறு இருந்தது, அது அந்தக் கருவியின் அமைப்பிலேயே இருக்கிற கோளாறு. ஒரு தவறான வரியை அடுத்தவர் திருத்த அதில் வழியே இல்லை. ஃபார்வர்டு ஆன செய்தி அந்தக் கணமே யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி 2018-லேயே இந்தியாவில் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் வேகம் கொஞ்சம் குறைந்தது. திருத்தும் வசதி வரவில்லை.

விக்கி என்ற ஏற்பாட்டின் உயிரே அந்த வசதிதான்.

2000 மார்ச்சில் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 'நுபீடியா' என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுத வேண்டும், கட்டுரை ஏழு கட்டச் சோதனையைத் தாண்டி வர வேண்டும் என்பது விதி. முதல் வருடத்தில் தேறியது ஒரு டஜன் கட்டுரை. அதற்குத் துணையாக, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15-ல் திறந்துவிட்டதுதான் விக்கிப்பீடியா. அது ஒரு வருடத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் கட்டுரைகளைத் தொட்டது.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் மாக்கோ ஹில் இதற்கு ஒரு படி மேலே போனார். அந்தக் காலத்தில் இணையத்தில் கலைக்களஞ்சியம் உருவாக்கக் கிளம்பிய திட்டங்கள் எட்டு. விக்கிப்பீடியா தவிர மற்ற ஏழும் ஏன் அந்த அளவுக்கு வளரவில்லை என்று, தொடங்கியவர்களையே தேடிப் பிடித்துக் கேட்டார். வெற்றிக்குத் தொழில்நுட்பம் காரணம் என்று நாம் நினைப்போம். தோற்ற சில திட்டங்களில் தொழில்நுட்பம் விக்கிப்பீடியாவைவிட உசத்தி. கலைக்களஞ்சியம் என்றால் என்னவென்று சேருகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, கருவியைவிட எழுத்தில் கவனம் இருந்தது, முதல் திருத்தம் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எந்தக் கட்டுரையின் மீதும் யார் பெயரும் இல்லை என்று அவர் கண்ட காரணங்கள் எல்லாமே எளிமையானவை. கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதியவர் பெயர் மேலே இருந்தால் அடுத்தவர் கை வைக்கத் தயங்குவார்.

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்கமும் பெயரில்லாத ஒருவரால்தான். 2003 செப்டம்பர் 30-ல் அடையாளம் சொல்லாத யாரோ ஒருவர் முதற்பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். பொத்தான்கள், பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த நவம்பரில் இ. மயூரநாதன் வந்தார். இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர், வேலை ஐக்கிய அரபு அமீரகத்தில். இடைமுகத்தைத் தமிழாக்கிவிட்டு எழுத உட்கார்ந்தவர், ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். தொடக்க மாதங்களில் கிட்டத்தட்டத் தனி ஆளாகவே எழுதிக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். 2015-ம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது. வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் செ. இரா. செல்வகுமார் அறிவியல் எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, 'ஆஸ்திரேலியா'வா 'ஆத்திரேலியா'வா என்று நாள்கணக்கில் சண்டை போட்டார்கள். கிரந்த எழுத்துச் சண்டையை அங்கே பழைய ஆட்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தை அவசரமாகப் பெருக்கப் பார்த்த முயற்சிகள்தான் ஆராய்ச்சிக்கு நல்ல தீனி.

2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கில விக்கிப்பீடியாவின் பெரிய பெரிய கட்டுரைகளை இந்திய மொழிகளில் பெயர்த்து ஏற்றியது. தமிழிலும் மளமளவென்று பக்கங்கள் முளைத்தன. அமெரிக்கப் பாடகர்கள், ஹாலிவுட் படங்கள் என்று தலைப்புகளைக் கூகுளே தேர்ந்தெடுத்தது. நடையோ படிப்பவரின் மூச்சை வாங்கியது. எழுதியவர்களிடம் சந்தேகம் கேட்கவும் முடியவில்லை, ஏனென்றால் வேலை முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். வங்காள விக்கிப்பீடியா அந்தக் கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழ்க்காரர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 2010-ல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இந்தத் திட்டத்தைப் பற்றி விமர்சன அறிக்கையே படித்தார். கட்டுரை எண்ணிக்கை ஏறியது, எழுதுகிறவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை.

அதே 2010-ல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. அதையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வைத்தது. பரிசும் உண்டு. ஆயிரத்துக்கும் மேல் கட்டுரைகள் வந்தன, அவற்றில் சில அருமையானவை. போட்டி முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் புனேயில் விக்கிமீடியா அறக்கட்டளையே கல்லூரிகளில் ஒரு பாடத்திட்டம் நடத்தி, மாணவர்கள் எங்கெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியதில் கையைச் சுட்டுக்கொண்டது. 2017-ல் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் பயிற்சி தந்தபோது கட்டுரைகள் குவிந்தன. தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதும் அந்த ஆண்டு மே மாதத்தில்தான்.

ஆக, போட்டியே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் சரியாக இல்லை. 2018-ல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்குள் 'வேங்கைத் திட்டம்' என்ற போட்டி நடந்தது. பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அந்த ஆத்திரத்திலோ என்னவோ, 2019–20-ல் நடந்த இரண்டாம் சுற்றில் தமிழ் முதலிடம் பிடித்தது. இந்தத் திட்டத்தில் எழுத ஆர்வமிருந்தும் வசதியில்லாதவர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் கொடுத்தார்கள். வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2010-ல் பரிசுக்காக வெளியாட்கள் வந்தார்கள். வேங்கையில் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த கூட்டம் மானத்துக்காக ஓடியது. முன்பே பழகிய கூட்டத்துக்குப் போட்டி உரம். பழகாதவர்களுக்கு அது ஒருநாள் கூலி.

இன்றைக்குக் கட்டுரைகள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. மாதாமாதம் தொடர்ந்து எழுதுகிறவர்கள் நூற்றுக்கணக்கில்தான் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 17-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வல்லம் வடகாலில் திறந்துவைத்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். எட்டுக் கோடித் தமிழரின் கலைக்களஞ்சியத்தை இழுத்துக்கொண்டு போகிறவர்களை அந்த விடுதியின் ஒரு மூலையில் தங்கவைத்துவிடலாம்.

வருகிறவர்கள் ஏன் தங்குவதில்லை என்ற கேள்விக்கு ஆங்கில விக்கிப்பீடியாவை வைத்து ஆராய்ச்சியாளர் ஆரன் ஹாஃபேக்கரும் நண்பர்களும் 2013-ல் ஒரு பதில் சொன்னார்கள். ஆங்கிலத்தில் தீவிரமாகத் திருத்துகிறவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்க ஆரம்பித்தது. விஷமிகளைத் தடுக்க வைத்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டன. முதல் திருத்தமே காரணம் சொல்லப்படாமல் நீக்கப்பட்டால் அந்த ஆள் பெரும்பாலும் இரண்டாவது முறை வருவதில்லை. பின்னர் 2018-ல் ஹில், ஆரன் ஷா, நேதன் டெப்ளன்ட்ஹியூஸ் மூவரும் 740 விக்கித் தளங்களை எடுத்துப் பார்த்தபோது இதே ஏற்ற இறக்கம் அங்கேயும் தெரிந்தது. கணக்குத் திறந்தால்தான் திருத்தலாம் என்று விதி வைத்த தளங்களையும் ஹில், ஷா இருவரும் பார்த்தார்கள். குப்பை குறைந்தது உண்மை. கூடவே நல்ல பங்களிப்பும் குறைந்தது. கேட்டில் செக்யூரிட்டியைக் கடுமையாக்கிய எந்தக் கம்பெனி எச்.ஆருக்கும் இது புரியும்.

அதே ஆராய்ச்சி உலகத்தில் நல்ல செய்தியும் உண்டு. 2012-ல் ரெஸ்டிவோ, வான் டெ ரிஜ்ட் என்ற இருவர், ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறைய எழுதுகிறவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அவர்கள் பக்கத்தில் ஒரு பதக்கப் படத்தை ஒட்டினார்கள். காசு பெறாத வெறும் படம். பதக்கம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 60 சதவீதம் அதிகமாக உழைத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் இந்த வித்தையை ஆராய்ச்சி இல்லாமலே அறிந்திருந்தார்கள். பேச்சுப் பக்கத்தில் பதக்கம் குத்துவது அங்கே பழைய வழக்கம். முதற்பக்கத்திலேயே ஒரு பங்களிப்பாளரைப் படத்தோடு அறிமுகம் செய்யும் பகுதியும் வைத்தார்கள். கட்டுரையில் பெயர் இராது, ஆனால் ஆளுக்கு மரியாதை உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பது சாமர்த்தியம்.

ஒரகடத்துப் பையனோ பெண்ணோ விக்கிப்பீடியாவுக்குள் நுழைந்தால் வேறொரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் கண்ணால் பார்த்தது. விக்கிப்பீடியாவுக்கு ஏற்கெனவே எங்காவது வெளியான நம்பகமான ஆதாரம் வேண்டும். 'நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்' என்பது அங்கே சான்றாகாது. அது நியாயமான விதி, மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் உழைக்கும் மக்களின் அறிவு பெரும்பாலும் அச்சுக்கு வராத அறிவு என்பதால், இந்த ஒரு விதியே ஆயிரக்கணக்கானவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறது. தொழிற்பேட்டை ஊர்களைப் பற்றிய செய்தி நாளிதழில் வருவதென்றால் ஸ்டிரைக், விபத்து, முதலீட்டு ஒப்பந்தம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதும், ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியதும் பதிவாகும். அங்கே பூட்டு விழுந்த பிறகு, வேலை பார்த்த பெண்கள் எங்கெங்கே போனார்கள் என்பது பதிவாகாது.

கண்ணால் பார்த்தது போதும் என்கிற கூட்டமும் இணையத்தில் இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற உலக வரைபடம். யார் வேண்டுமானாலும் தன் தெருவை, கிணற்றை, பஸ் நிறுத்தத்தைக் குறிக்கலாம். ஆதாரம் நம் கால்தான். தமிழ்நாட்டில் இதன் பலத்தைக் காட்டியது 2015 வெள்ளம். சென்னை மூழ்கியபோது வரைபடக் கலைஞர் அருண் கணேஷ் இந்த வரைபடத்தின் மேல் ஒரு பக்கத்தை அமைத்தார். தண்ணீர் நிற்கும் தெருவை யாரும் ஒரு தட்டில் குறிக்கலாம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. சில நாட்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. ஹில் சொன்ன எல்லாமே அதில் இருந்தது. என்ன செய்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது, நொடியில் செய்ய முடிந்தது, யாருக்கும் தனிச் சொந்தமில்லை. தண்ணீர் வடிந்ததும் கூட்டமும் வடிந்தது. அதில் தவறில்லை, வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்த வெள்ளத்தின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பி வழிந்தால் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகும். தொழிற்பேட்டைகள் எழுந்திருக்கும் நிலத்தின் ஓடைகளையும் கலங்கல்களையும் தினமும் கடந்துபோகிறவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். எந்த மழைக்கு எந்த கேட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று நைட் ஷிஃப்ட் போகிறவருக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. அது குரூப்பில் போட்டோவாக வந்து, மறுநாள் மறைந்துவிடுகிறது.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எட்டு மணி நேர வேலை, ஓ.டி., போகவர பஸ் பயணம், ரூமில் ஆறு பேர். நியாயமான கேள்வி. இந்த ஆட்களுக்குக் கூடி நிற்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. இதே பகுதியின் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவர்களுடைய சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. 37 நாள் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்குப் பொதுக் காரியம் என்றால் என்னவென்று பல்கலைக்கழகம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதக் கான்ட்ராக்டில் வந்துபோகிறவர்தான் கஷ்டம். நாளை இங்கே இருப்போமா என்று தெரியாதவர் ஊரின் வரைபடத்தில் எதற்குக் கை வைப்பார்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க ஆராய்ச்சிகளில் விடை இல்லை. அவர்கள் ஆராய்ந்த விக்கிக்காரர்கள் பெரும்பாலும் நிலையாக ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்.

ஆகவே வேண்டுகோள் சிறியது. வீக் ஆஃப் நாளில் அரை மணி நேரம் கிடைத்தால், உங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறியுங்கள். 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' என்ற இலவசச் செயலி, இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா என்பது போன்ற சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்டு, நம் பதிலை வரைபடத்தில் ஏற்றிவிடும். ஏரிக்கரையில் நின்று நீங்கள் எடுக்கும் படத்தை விக்கிமீடியா காமன்ஸில் போடுங்கள், உங்கள் படத்துக்கு வேறு ஆதாரம் கேட்க மாட்டார்கள். ஆலைக்குள் எடுத்த படம் எதையும் போட வேண்டாம், வேலை போய்விடும். குரூப் அட்மின்கள் அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு பொதுக் கோப்பில் சேர்த்து, அதன் லிங்கை குரூப் விவரத்தில் ஒட்டிவைக்கலாம்.

விக்கிப்பீடியாவின் பழைய ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூர்க் கட்டுரையில் நாளைக்கு யாராவது 'ஷிஃப்ட் சூப்பர்வைசர்' என்று ஆங்கிலம் கலந்து எழுதினால், அதை நீக்குவதற்கு முன் அவர் பேச்சுப் பக்கத்தில் பெயர் சொல்லி வரவேற்று, ஏன் மாற்றுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.